தோட்டத்து வீட்டில் ஈஸ்டர்: உங்கள் கேள்விகள், எங்கள் பதில்கள்

இந்த 2026ஆம் ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 5. பெங்களூரைச் சுற்றி ஆனேக்கல், சர்ஜாபுரம், கனகபுரா சாலை, தொட்டபள்ளாபுரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நம் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மூன்று நாள் வந்து தங்கப்போகிறார்கள், எப்படிச் சமாளிப்பது? அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எனக்கு 68 வயது. ஆனேக்கல் தாண்டித் தோட்டத்தில் நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். பெரிய வியாழன் ராத்திரியிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை மூன்று பிள்ளைகளின் குடும்பமும் வருகிறது. எங்களையும் சேர்த்து 19 பேர், அதில் 6 குழந்தைகள். கழிவறை இரண்டு, 1,000 லிட்டர் மேல்தொட்டி ஒன்று. போன வருஷம் சனிக்கிழமை மத்தியானமே தண்ணீர் தீர்ந்துவிட்டது. மூன்று நாளும் நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பேரப்பிள்ளைகளோடு உட்காரவே இல்லை. இந்த முறை எங்கிருந்து ஆரம்பிப்பது?
(வாசகி, ஆனேக்கல்)

பதில்: தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள் அம்மா. நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போடுவார்கள். ஷவரை மூடிவிட்டு ஆளுக்கு ஒரு வாளி என்று வைத்தால் தோட்டத்தில் 80 லிட்டரில் முடியும்: குளியல் 20, கழிவறை 30, சமையலும் பாத்திரமும் 15, கைகால் கழுவுவதும் மற்றதும் 15. 19 பேருக்கு 1,520 லிட்டர். உங்கள் தொட்டி ஒரு முறை நிரம்பினால் பகல் மூன்று மணிக்கு மேல் தாங்காது. போன வருஷம் நடந்தது அதுதான்.

தினம் இரண்டு முறை ஏற்றினால் போதுமே என்று தோன்றும். ஆனால் தோட்டத்துப் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் ஒரு நாளில் சில மணி நேரம்தான் வரும், அந்த நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு ஏப்ரல் என்றால் மாம்பழ மழை. சாயங்காலம் இடி மின்னலோடு ஒரு கொட்டு கொட்டினால் இரவு முழுக்கக் கரண்ட் இருக்காது. ஆகவே 200 லிட்டர் டிரம் நான்கு வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். இரண்டு கழிவறை வாசலுக்கு ஒவ்வொன்று, பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒன்று, கூடுதலாக ஒன்று. புதன்கிழமையே எல்லாவற்றையும் நிரப்பி மூடிவிடுங்கள். கரண்ட் வந்த நிமிடமே மோட்டார் போடுவது ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

குடிதண்ணீர் தனி. இந்த வெயிலில் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் நாளைக்கு 57 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. மூன்று நாளுக்கு ஒன்பது. பெரிய வெள்ளியன்று கேன் கடைக்காரரும் விடுமுறை எடுக்கலாம், வியாழன் காலையிலேயே இறக்கிவிடுங்கள்.

செப்டிக் டேங்கை இப்போதே திறந்து பாருங்கள். நிறைந்திருந்தால் வண்டி கூப்பிட இன்னும் நாள் இருக்கிறது. வீடு நிறைய ஆள் இருக்கும்போது அது வழிந்தால் ஒன்றுமே செய்ய முடியாது. குழந்தைகளின் டயபரும் ஈரத்துடைப்பான் காகிதமும் கழிவறைக்குள் போகக் கூடாது என்று எழுதி உள்பக்கக் கதவிலேயே ஒட்டி, பக்கத்தில் மூடி போட்ட வாளி ஒன்று வையுங்கள்.

இனி சமையல். கிறிஸ்துமஸ் மாதிரி ஒவ்வொரு வேளையும் விருந்து போட வேண்டிய நாட்கள் இவை இல்லை. வெள்ளி நோன்பு, சனி அமைதி, ஞாயிறுதான் பண்டிகை. திருச்சபை வகுத்த இந்த ஒழுங்கிலேயே உங்களுக்கான ஓய்வும் இருக்கிறது. அதை மீறி வெள்ளிக்கிழமை நாலு பொரியல் செய்யப் போவதால்தான் அடுப்படியில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

வியாழன் இரவு ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேருவார்கள். ஆறினாலும் சாப்பிடக்கூடிய புளியோதரை, வறுத்த அப்பளம், மோர் போதும். வெள்ளி மத்தியானம் பயற்றங்கஞ்சி: 1 கிலோ புழுங்கலரிசி நொய், வறுத்த பாசிப்பயறு 300 கிராம், தண்ணீர் 10 லிட்டர், ஒரு கைப்பிடி பூண்டு, ஒரு கரண்டி சீரகம், கடைசியில் ஒரு தேங்காயின் பால். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையலும் சுட்ட அப்பளமும். பயற்றை முதலில் போட்டு முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் நொய்யைப் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் நொய் குழைந்து அடிபிடிக்கும், பயறு கடுக்கென்று நிற்கும். இரவுக்கு அதே கஞ்சியை வெந்நீர் விட்டு இளக்கிக் கொதிக்கவைத்தால் ஆயிற்று. ஆனால் இரவுக்கானதை மத்தியானமே தனியாக எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், தேங்காய்ப் பாலை இரவில்தான் சேர்க்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் தேங்காய்ப் பால் சேர்ந்த கஞ்சி சாயங்காலத்துக்குள் புளித்துவிடும்.

சனி மத்தியானம் சாதம், ஒரு சாம்பார், ஒரு கூட்டு. சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் பாய் விரித்து ஞாயிறுக்கான வெங்காயம் 1½ கிலோ, இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். மகன்கள், மருமகள்கள், பெரிய பேரப்பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தால் முக்கால் மணி நேர வேலை. நீங்கள் கேட்ட ‘பேரப்பிள்ளைகளோடு உட்காருவது’ அங்கேதான் நடக்கும். பூண்டு உரிக்கும் கைகள் இருந்தால் பேச்சு தானாக வரும். வெட்டியதை மூடி போட்ட டப்பாவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளுங்கள். தக்காளியை மட்டும் ஞாயிறு காலையில் வெட்டினால் போதும்.

ஞாயிறு காலை இட்லி என்றால் 1¼ கிலோ இட்லியரிசி, 300 கிராம் உளுந்து. சுமார் 75 இட்லி வரும். சனி காலையிலேயே அரைத்து வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இந்த வெயிலில் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும், விடிவதற்குள் புளித்து வழிந்துவிடும். சனி மத்தியானம் ஊறவைத்து, இருட்டும் முன் அரைத்து, உப்பை அப்போதே கரைத்து, பாதியளவு மட்டும் நிரம்பிய பாத்திரத்தில் வையுங்கள். கரண்ட் போகும் பயம் இருந்தால் மதியம் கரண்ட் இருக்கும்போதே அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சனி ராத்திரிப் பூசைக்குக் கோவிலுக்குக் கிளம்பும்போது வெளியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஈஸ்டருக்கு விறகடுப்பில் மட்டன் பிரியாணி போடுவது எங்கள் வீட்டு வழக்கம். குக்கரில் நன்றாக வருவது பெரிய பாத்திரத்தில் வருவதில்லை. அடி கருகுகிறது, மேலே அரிசி நறுக்கென்று நிற்கிறது. இருபது பேருக்குச் சரியான அளவு சொல்லுங்கள்.
(வாசகர், சர்ஜாபுரம்)

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான்: தீ நடுவில் மட்டும் எரிகிறது. அடியில் மசாலா வண்டல் தங்கியிருக்கும்போது நடுத்தீ அதைக் கருக்கிவிடும். கருகும் வாசனை வந்ததும் பயந்து தீயை இழுத்துவிடுகிறீர்கள், அப்போது மேலே இருக்கும் அரிசி வெந்திருக்காது.

முதல் கடிதத்தில் உள்ளதுபோல் பெரியவர்கள் 13, குழந்தைகள் 6 என்ற கணக்குக்குச் சீரகச்சம்பா 3 கிலோ, இளம் ஆட்டுக்கறி எலும்போடு 3½ கிலோ. தொடை மட்டும் வாங்காதீர்கள். முன்னங்கை, நெஞ்செலும்பு, தொடை கலந்தால்தான் சாறு இறங்கும். எண்ணெயும் நெய்யும் சேர்த்து 600 மில்லி, வெங்காயம் 1½ கிலோ, தக்காளி 1 கிலோ, இஞ்சி 250 கிராம், பூண்டு 300 கிராம், பச்சைமிளகாய் 150 கிராம், புளிக்காத தயிர் 600 மில்லி, புதினா மூன்று கட்டு, கொத்தமல்லி இரண்டு கட்டு, பட்டை 15 கிராம், கிராம்பும் ஏலக்காயும் தலா 8 கிராம், எலுமிச்சை மூன்று. பாத்திரம் 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. எல்லாம் சேரும்போது 15 லிட்டர் வரை ஏறும், கிளற இடம் வேண்டும்.

கறியைச் சனி சாயங்காலம் வாங்குவதானால் தயிர், உப்பு, பாதி இஞ்சி பூண்டு விழுது புரட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். இடமில்லாவிட்டால் தெர்மகோல் பெட்டியில் கறியின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு மூடலாம். பப்பாளிக்காய் விழுதை மட்டும் ராத்திரியே சேர்த்துவிடாதீர்கள். அதிலுள்ள நொதி இரவெல்லாம் வேலை செய்து கறியைக் கூழாக்கிவிடும். முற்றல் கறியாக இருந்தால் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, அவ்வளவுதான். ஞாயிறு விடியற்காலை வாங்குவதானால் வியாழக்கிழமையே கடையில் சொல்லிவைத்துவிடுங்கள். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், ஈஸ்டர் காலையில் போய் நின்று நல்ல கறி கேட்டால் கிடைப்பது மிச்சம்தான்.

விறகு 15 முதல் 20 கிலோ. சவுக்கு நின்று சீராக எரியும், புளிய விறகு நல்ல கங்கு தரும். பெங்களூர்ப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தைலமரம் நன்றாகக் காய்ந்திருந்தால் எரியும், ஈரமிருந்தால் புகைதான். வேலியோரம் வெட்டிப்போட்ட அரளிக் கிளை இதில் கலந்துவிடாமல் நீங்களே பார்த்து எடுங்கள். அரளிப் புகையும் நஞ்சு, அந்தக் குச்சியால் கிளறினாலும் நஞ்சு.

இப்போது முக்கியமான இடம். வெங்காயம் பொன்னிறமாகி, விழுது பச்சை வாசனை போய், கறி சேர்ந்து, கூடுதல் தண்ணீர் விட்டு முக்கால் பதம் வெந்ததும் பாத்திரத்தை இறக்குங்கள். அதிலுள்ள சாறு முழுவதையும் வடித்து அளந்துகொள்ளுங்கள். அரிசியை எந்தப் படியால் அளந்தீர்களோ அதே படி. ஒரு படி அரிசிக்கு ஒன்றரைப் படி என்பது சாறும் வெந்நீரும் சேர்ந்த கணக்கு. சாற்றைக் கணக்கில் சேர்க்காமல் தண்ணீர் விடுவதால்தான் பலருக்குக் குழைகிறது. சாறு வடித்த கையோடு தட்டைக் கரண்டியால் அடியைச் சுரண்டிப் பாருங்கள். பழுப்பு வண்டல் ஒட்டியிருந்தால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு முழுக்க வழித்து மேலே கொண்டுவந்துவிடுங்கள். பின்னால் கருகப்போவது அந்த வண்டல்தான்.

சீரகச்சம்பாவை 20 நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் கிளறும்போது ஒடியும். சாறும் வெந்நீரும் தளதளவென்று கொதிக்கும்போது உப்புப் பாருங்கள், நாக்குக்கு ஒரு சுற்றுக் கூடுதலாகக் கரிக்க வேண்டும். அரிசி போட்ட பிறகு அது சரியாகிவிடும். அரிசியைப் போட்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு இரண்டே முறை புரட்டுங்கள். தண்ணீர் வற்றி அரிசி மட்டத்துக்கு வந்து, மேலே சிறு சிறு குழிகளாக ஆவி கக்கும் நேரம்தான் தம் போடும் நேரம். எரியும் கட்டைகள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிடுங்கள். கங்கை நடுவிலிருந்து ஒதுக்கி ஓரமாக வட்டமாகப் பரப்புங்கள். பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் பழைய தோசைக்கல் ஒன்று. மூடியின் விளிம்பில் மைதா மாவு ஒட்டி, மூடிக்கு மேல் இரண்டு முறம் கங்கு. 20 நிமிடம். பிறகு கங்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இன்னும் 15 நிமிடம் திறக்காமல் விடுங்கள். மேல் அரிசி நறுக்கென்று நின்றதற்கு மருந்து மூடிமேல் போடும் அந்தக் கங்குதான்.

கேள்வி: முட்டை தேடும் விளையாட்டுக்குப் போன வருஷம் எங்கள் கோழி முட்டைகளையே அவித்துச் சாயம் போட்டு ஒளித்தேன். சாயம் ஏறவில்லை, தோல் உரிக்கப் பாதி முட்டை பிய்ந்தது, இரண்டு முட்டை திங்கட்கிழமை நாற்றமெடுத்துத்தான் கிடைத்தது. விட்டுவிடலாமா?
(பாட்டி, கனகபுரா சாலை)

பதில்: விட வேண்டாம். குழந்தைகளுக்கு ஆயுளுக்கும் நிற்கும் ஞாபகம் அது. மூன்று குறைக்கும் மூன்று காரணம் இருக்கிறது.

நாட்டுக்கோழி முட்டையின் ஓடே பழுப்பு, வெளிர் நிறங்கள் அதில் தெரியாது. சாயத்துக்குக் கடையில் கிடைக்கும் வெள்ளை லேயர் முட்டைதான் ஏற்றது. தோல் பிய்ந்ததற்குக் காரணம் முட்டை மிகப் புதிது என்பது. இட்ட இரண்டு மூன்று நாளுக்குள் வெள்ளைக்கரு உள்சவ்வோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளை வழியே கரியமிலவாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, பிடி தளரும். ஆகவே ஏழு முதல் பத்து நாள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த முட்டையை எடுங்கள். புது முட்டைதான் இருக்கிறது என்றால் இட்லிப் பானையில் 12 நிமிடம் ஆவியில் வேகவைத்து உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள்.

சாயத்துக்குப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல், 1 லிட்டர் தண்ணீர், 25 நிமிடக் கொதி. வடிகட்டி ஆறவைத்து இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். வினிகர் ஓட்டை லேசாக அரித்துச் சாயம் பிடிக்கவைக்கும். அவித்த முட்டையை அரை மணி வைத்தால் ஆரஞ்சு, இரண்டு மணி வைத்தால் செங்கல் நிறம். மஞ்சள்தூளில் மஞ்சள், பீட்ரூட்டில் இளஞ்சிவப்பு, ஊதா முட்டைகோஸில் நீலம். பேரப்பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பிக் கொத்தமல்லி இலை, முருங்கையின் சிறு இலை, பெரணி பறித்துவரச் சொல்லுங்கள். இலையை ஈரமாக்கி முட்டையில் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் இறக்குங்கள். ஒரு மணி கழித்து அவிழ்த்தால் செங்கல் நிறத்துக்கு நடுவே இலையின் ஒவ்வொரு பல்லும் வெள்ளையாகத் தெரியும். ஈரம் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் மினுங்கும்.

ஆனால் இந்த முட்டைகளை ஒளிக்காதீர்கள். அவித்த முட்டை வெளியில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். பெங்களூர் ஏப்ரல் பகல் 34 டிகிரியைத் தொடும். எறும்பும் உடனே வந்துவிடும். சாயமிட்டவற்றைக் கூடையில் அடுக்கிக் காலை உணவோடு பரிமாறுங்கள். ஒளிக்கத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முட்டைகள், ஆறு குழந்தைகள் என்றால் ஆளுக்கு எட்டு வீதம் 48. சாக்லேட் உருகிவிடும், எள்ளுருண்டையோ சின்னப் பொம்மையோ வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கடலை, உருண்டை மிட்டாய் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். வயதுக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிட்டால் பெரியவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டான் என்ற அழுகை இருக்காது.

எங்கே ஒளிப்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். முழங்காலுக்கு மேல் மட்டும். மாங்கிளைக் கவை, ஜன்னல் திண்டு, தொட்டிச் செடி, கயிற்றுக் கட்டில். விறகுக் குவியல், வைக்கோல்போர், கல் இடுக்கு, சருகு, எலிவளைப் பக்கம் ஒன்றுகூட வைக்காதீர்கள். அங்கே பிஞ்சுக் கை போனால் தேளும் பூரானும் பாம்பும் இருக்கும். ஒளிக்கும்போதே இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்குள் விளையாட்டு முடியட்டும்.

முந்திரி மார்சிபான் முட்டை செய்ய நினைப்பவர்களுக்கு: வறுக்காத முந்திரி 250 கிராம், பொடித்த சர்க்கரை 250 கிராம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு தேக்கரண்டி பன்னீர். முந்திரியை விட்டு விட்டு அரையுங்கள், ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் விட்டுவிடும். எல்லாம் கலந்து சிறுதீயில் பாத்திரத்தை விட்டுப் பிரியும்வரை கிளற வேண்டும். கிளறாமல் பச்சை வெள்ளைக்கருவோடு குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சிலுவை பன் சுட்டால் கல் மாதிரி வருகிறது. என்ன தவறு?
(வாசகி, தொட்டபள்ளாபுரம்)

பதில்: பெரும்பாலும் பிசையும்போது கையில் ஒட்டுகிறதே என்று மாவு தூவிக்கொண்டே போவதுதான். மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 75, வெண்ணெய் 50, உப்பு 8, ஒரு முட்டை, வெதுவெதுப்பான பால் 220 மில்லி, பட்டைத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி. பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துவிடும். ஒட்டினாலும் பொறுமையாகப் பத்து நிமிடம் பிசைந்தால் தானே ஒட்டாமல் வரும். ஊறிப் பிழிந்த திராட்சை 100 கிராமைக் கடைசியில் சேருங்கள். உங்கள் ஏப்ரல் சமையலறையில் முக்கால் மணி நேரத்தில் இருமடங்காகும், புத்தகத்தில் போட்ட ஒன்றரை மணி வரை விட்டால் புளித்து அமுங்கும். பன்னிரண்டு உருண்டை, மறுபடி அரை மணி. 5 மேசைக்கரண்டி மைதாவை அதே அளவு தண்ணீரில் கரைத்துக் கூம்புக் காகிதத்தால் சிலுவை போடுங்கள். 200 டிகிரியில் 18 நிமிடம். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டிலேயே சர்க்கரைப்பாகு தடவித் துணியால் மூடுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் மல்லுக்கட்ட வேண்டாம். ஃபிரேசர் டவுன் ஆல்பர்ட் பேக்கரி 1902இலிருந்து இருக்கும் கடை, பெரிய வெள்ளியை ஒட்டிச் சிலுவை பன் போடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்து, நகரத்திலிருந்து கிளம்பும் பிள்ளைகளிடம் வாங்கிவரச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். பெரிய வெள்ளி ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு உண்ணும் நோன்பு) இருக்கலாமா? சனி ராத்திரிப் பூசைக்குச் சின்னப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?
(வாசகி, ஓசூர் சாலை)

பதில்: கத்தோலிக்கத் திருச்சபையின் ஒருசந்திக் கடமை 18 வயதில் தொடங்கி 59 வயது நிறைவதோடு முடிகிறது. புலால் தவிர்ப்பது மட்டும் 14 வயதுக்கு மேல் எல்லாருக்கும். உங்களுக்கு ஒருசந்திக் கடமை இல்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமலிருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல் மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். கைநடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை உடனே தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு ஏதாவது சாப்பிடுங்கள். நோன்பாவது நோன்பு, உயிர் முக்கியம்.

சனி ராத்திரிப் பூசையான பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும், பழைய ஏற்பாட்டு வாசகங்களே ஏழு வரை உண்டு. குழந்தைகளைச் சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு வரை தூங்கவைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள். புது நெருப்பிலிருந்து பாஸ்கா மெழுகுதிரி ஏற்றுவதைப் பார்த்த குழந்தை அதை மறக்காது. பிறகு தூங்கினால் தோளில் தூங்கட்டும். ஈஸ்டர் எப்போதும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பதால் திரும்பி வரும்போது தோட்டத்துப் பாதையில் நிலா வெளிச்சம் இருக்கும். இருந்தாலும் டார்ச் வேண்டும். ஒரு மருமகள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் வெள்ளி மத்தியானம் 12 முதல் 3 வரை ஏழு வார்த்தை ஆராதனை, ஞாயிறு விடியற்காலை ஆராதனை என்று அவர்கள் நேரம் வேறு. வண்டி யாருக்கு எப்போது என்பதை வியாழன் இரவே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: நகரத்தில் வளர்ந்த குழந்தைகள். தோட்டத்தில் என்னென்ன பார்த்து வைக்க வேண்டும்?
(தாத்தா, ஆனேக்கல்)

பதில்: முதலில் பண்ணைக்குட்டை. கர்நாடக அரசின் கிருஷி பாக்யா திட்டத்தில் தோண்டியது போலப் பாலித்தீன் விரித்த குட்டை இருந்தால் கிணற்றைவிட அது ஆபத்து. சரிவு பாசி பிடித்து வழுக்கும், நீந்தத் தெரிந்த பெரியவராலேயே ஏற முடியாது. சுற்றிலும் வேலி, பூட்டிய கதவு. நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தண்ணீருக்குள் தொங்கட்டும், ஒரு பழைய லாரி டியூப் காற்றடித்து மிதக்கட்டும். கைவிட்ட ஆழ்துளைக் கிணறு இருந்தால் வாயை இரும்பு மூடி போட்டு அடைக்க வேண்டும், மேலே கல் வைத்தால் போதாது. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டு. பூச்சிமருந்து குளிர்பான பாட்டிலில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

தரையில் படுக்க வைக்க வேண்டியிருந்தால் கொசுவலை கட்டி அதன் விளிம்பை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் சொருகிவிடுங்கள். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும், அது கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது, காலையில் இமை தொங்கும்போதுதான் தெரியவரும். கடித்தது என்று சந்தேகம் வந்தாலே போதும்: கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கைகாலைப் பலகை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான் போடுவார்கள். அந்த மருந்து எந்த மருத்துவமனையில் எப்போதும் இருப்பு இருக்கிறது என்பதை வியாழனுக்கு முன்பே நேரில் போய்க் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இடி இடித்தால் மாமரத்தடியில் யாரும் நிற்கக் கூடாது. வீட்டுக்குள், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய காருக்குள்.

கேள்வி: ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு டப்பா பிரியாணி கட்டிக்கொடுப்பேன். போன முறை வீடு போவதற்குள் கெட்டுவிட்டது.
(பாட்டி, அத்திபெலே)

பதில்: மத்தியானம் பரிமாறிய பாத்திரத்தில் மிச்சமானதைச் சாயங்காலம் கட்டியிருப்பீர்கள். வெந்த சோற்றிலும் பிழைத்திருக்கும் பாக்டீரியா வித்து ஒன்று உண்டு, வெதுவெதுப்பில் அது பெருகி நஞ்சு விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஓசூர் சாலையில் ஞாயிறு மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் மூடிய டப்பாவில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தம் திறந்த உடனேயே, யாருக்கும் பரிமாறும் முன், கட்டிக்கொடுக்க வேண்டியதைத் தனியாக எடுத்துவிடுங்கள். அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் ஆறவிட்டு, டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். கிளம்பும்போது ஐஸ் போட்ட பையில் கொடுங்கள். தயிர்ப் பச்சடி கட்ட வேண்டாம், வீட்டில் செய்துகொள்ளட்டும். மூன்று மணிக்குக் கிளம்பினால் அத்திபெலேயும் எலெக்ட்ரானிக் சிட்டியும் அடைக்கும் முன் தாண்டிவிடலாம். முடியாவிட்டால் இரவு ஒன்பதுக்கு மேல் போகட்டும். குழந்தைகள் இன்னும் ஒரு வேளை உங்களோடு இருப்பார்கள், மிச்ச மாவில் தோசை ஊற்றிக் கொடுத்து அனுப்பலாம்.